நீதிக் குழுமத்தில் சொர்ணத்தாய்

தீப்பெட்டி ஆலைகளிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் சொர்ணத்தாய். கோவில்பட்டியில் ஒற்றை அறை வீடு. கல்யாணம் முடிக்கவில்லை. 2007இல் அவள் வேலை பார்த்த மையத்தை மூடிவிட்டார்கள். பேச ஆளில்லாத பகலெல்லாம் நீண்டுகிடந்த அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் விளம்பரம் வந்தது. குற்றத்தில் பிடிபடும் சிறுவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில், மாஜிஸ்திரேட்டோடு உட்கார இரண்டு சமூக சேவகர்கள் வேண்டுமாம். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வக்கீல் படிப்பு வேண்டாம். பிள்ளைகளுக்காக ஏழு வருஷமாவது உழைத்திருந்தால் போதும்.

விண்ணப்பம் போட்ட மூன்றாம் மாசம், ஒரு போலீஸ்காரர் தெருவில் வந்து அவள் நடத்தையை விசாரித்துப் போனார். பின்னாலேயே பக்கத்து வீட்டு பேபி ஓடிவந்தாள். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொர்ணத்தாய்க்கு இருந்த ஒரே துணை அவள்தான்.

“யக்கா, என்ன வம்புல மாட்டுனீய?”

“வம்பு இல்லட்டி. கிடைச்சா, மாஜிஸ்திரேட்டு பக்கத்துல உக்காருவேன்.”

சென்னையில் நேர்காணல். தேர்வுக் குழுவில் நடுவே இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி கேட்டார்: “மாஜிஸ்திரேட் சொல்வது உங்களுக்குச் சரியாகப் படவில்லை. என்ன செய்வீர்கள்?”

“சரியில்லன்னு சொல்லுவேன்யா.”

“சட்டம் படித்தவரிடமா?”

“ஒரு ஆலையில ஒரு புள்ளைக்குப் பதினஞ்சு வயசுன்னு சர்ட்டிபிகேட் காட்டுனாவ. அதிகாரியும் நம்பிட்டாரு. அந்தப் புள்ள முந்தின நாள் விழுந்த பால்பல்லைப் பாவாடையில முடிஞ்சு வச்சிருந்துச்சு. அதை வாங்கி அவரு மேசையில வச்சேன்.”

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். “வீட்டில் யார் யார்?”

“நான் மட்டுந்தான்யா.” அதுவரை கணீரென்றிருந்த குரல் இறங்கிவிட்டது.

நியமன ஆணை தபாலில் வந்தபோது பேபி கடம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சொர்ணத்தாய் கதவைச் சாத்திக்கொண்டு, ஆணையைத் தனக்குத்தானே சத்தமாக வாசித்தாள்.

தூத்துக்குடியில் குழுமம் கூடும். மேடை கிடையாது, மூன்று பேருக்கும் ஒரே உயர நாற்காலி. நாலாவது மாசம், செல்போன் கடைத் திருட்டில் பேபியின் தம்பி மகன் லிங்கராஜ் பிடிபட்டான்.

“நீங்க இருக்கையில எங்களுக்கு என்ன பயம்? ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா” என்று வந்து நின்றாள் பேபி.

“தெரிஞ்ச புள்ள கேசுல நான் உக்காரக் கூடாதுட்டி. நாளைக்கு எந்திரிச்சு வெளிய போயிருவேன்.”

“முன்னப்பின்னத் தெரியாதவன் உக்காரலாம், நீங்க உக்காரக் கூடாதோ?”

மறுநாள் மாஜிஸ்திரேட்டிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டாள். உள்ளே நடப்பது ஒன்றும் காதில் விழவில்லை. மதியம், புத்தி சொல்லி, தகப்பன் பொறுப்பில் லிங்கராஜை அனுப்பிவைத்தார்கள். பேபி அவளைத் தாண்டித்தான் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. கோவில்பட்டி பஸ்ஸிலும் இரண்டு சீட் முன்னால்தான் இருந்தாள். இறங்கி ஒரே தெருவில் பத்தடி இடைவெளியில் நடந்தார்கள்.

அதற்குப் பிறகு சொர்ணத்தாய் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போனாள். குழுமத்துக்கு ஒரு நாள்கூடப் போகாமல் இருக்கவில்லை.

மூன்று வருஷம் முடிந்ததும், மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்தது. அன்றைக்கே பாரத்தை நிரப்பினாள். ‘அவசரத்துக்கு யாருக்குத் தகவல் தர வேண்டும்’ என்ற இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. பேபியின் பெயரை எழுதினாள். அவளிடம் சொல்லவில்லை.