பச்சை நிறத்தில் கோயம்புத்தூர்

பொற்கொடிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, ‘ங்க’தான் ஏறும். சாதாரணமாக ‘சொல்லுங்க’ என்பவள், கடுப்பு முற்றிவிட்டால் ‘சொல்லுங்களேனுங்க’ என்பாள். ஆறு வருடமாக அவளோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் ஜபருல்லாவுக்கு இது நன்றாகத் தெரியும். எதிரில் இருப்பவரிடம் அவள் மரியாதை கூடக் கூட, ஜபருல்லா மெதுவாக எழுந்து டீ சொல்லப் போய்விடுவார்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் வாழைத்தோட்டங்களில் வேலை செய்த கருப்புசாமியின் இரண்டாவது மகள் அவள். பொருளாதாரம் படித்து, மத்திய அரசுத் தேர்வு எழுதி, முதலில் விலைவாசி சேகரிக்கும் வேலைக்கு வந்தாள். பத்து வருடம் ஈரோட்டிலும் கோபியிலும் கடை கடையாக ஏறி, துவரம்பருப்பு என்ன விலை, ரப்பர் செருப்பு என்ன விலை என்று கேட்டு எழுதினாள். கால் வலிக்கும் வேலைதான். ஆனால் தக்காளி விலையில் ஒரு எண் மாறிப்போனால் மத்தியானத்துக்குள் மேலிடத்திலிருந்து போன் வந்துவிடும். எழுதியதை யாரோ பார்க்கிறார்கள் என்ற தைரியம் அந்த வேலையில் இருந்தது.

பிறகு டெல்லியில் ஒரு பொருளாதார ஆலோசனைப் பிரிவு, அரசுக்கு யோசனை சொல்கிறவர்களுக்கு ஊர் நிலவரம் நேரடியாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தது. நாடு முழுக்கப் பன்னிரண்டு ஊர்களில் சிறு சிறு தகவல் மையங்களைத் திறந்தார்கள். கோயம்புத்தூர் மையம் என்பது அவிநாசி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி, ஒரு பிரின்டர், உதவியாளர் ஜபருல்லா, ஆய்வாளர் பொற்கொடி. மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று டெல்லிக்குப் போக வேண்டும். பட்டறையில் ஆர்டர் இருக்கிறதா, மில்லில் ஷிஃப்ட் குறைந்திருக்கிறதா, ஆள் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள், இவைதான் விஷயம்.

எழுதுவது அவளுக்குச் சிரமமில்லை. ஆட்களைப் பேச வைப்பதுதான் பெரும்பாடு. கணபதியில் நான்கு லேத் வைத்து பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த கண்ணையா, முதல் மூன்று தடவை அவளை நிற்கவைத்தே அனுப்பினார். நான்காவது தடவை ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“ஏனுங்க மேடம், உங்ககிட்டச் சொன்னா என்னுங்க ஆகப்போகுது?”

“நீங்க சொல்றது நேரா டெல்லிக்குப் போகுதுங்க. அங்க யோசனை சொல்ற பெரியவங்க படிக்கறாங்க.”

அவள் அதை மனதார நம்பித்தான் சொன்னாள். அந்த நம்பிக்கையில்தான் வாந்தி எடுத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கும் போனாள். அங்கே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்து ஆட்கள் குடியேறிவிட்டதைப் பற்றி, சின்னத்தாயி என்ற தொழிலாளியிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டு எழுதினாள். அதற்கு டெல்லியிலிருந்து பதில்கூட வந்தது. எழுத்தின் அளவு பன்னிரண்டாக இருக்க வேண்டும், மாற்றி அனுப்பவும் என்று. சந்தோஷமாக மாற்றி அனுப்பினாள். படித்துவிட்டுத்தானே சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சிக்கல் கண்ணையாவின் பட்டறையில் தொடங்கியது. பம்புக்குள் போகும் ஒவ்வொரு பாகத்துக்கும் தரச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் பம்பையே விற்க முடியாது என்று புது விதி வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. விதியின் நோக்கத்தில் கண்ணையாவுக்குக் குறையில்லை.

“தரம் பாக்கறது நல்லதுதானுங்க அம்மணி. நான் கடையற ஷாஃப்டக் கொண்டுபோய் எங்க வேணாலும் வச்சுப் பாக்கட்டும். ஆனா சோதிச்சுச் சான்று தர்ற எடம் இந்தச் சுத்துவட்டாரத்துக்கே ஒண்ணுதான் இருக்குது. அங்க இப்பவே பதினோரு வாரம் காத்துக் கெடக்கோணும். விதி வந்துபோட்டா நாங்க அத்தனை பேரும் ஒட்டுக்கா அங்க போய் நிப்பமுங்க. அதுவரைக்கும் லேத்த ஆஃப் பண்ணிட்டு என்ன பண்றது?”

பத்துப் பட்டறைகளைச் சேர்த்து ஒரே சான்றாகக் கொடுக்கலாம், அல்லது சின்னப் பட்டறைகளுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் தரலாம். யோசனையும் கண்ணையாவுடையதுதான். பொற்கொடி அதை ஜூலையில் எழுதினாள். ஆகஸ்டில் பதினாறு பட்டறைகளில் விசாரித்து விவரமாக எழுதினாள். அக்டோபரில் முதல் பத்தியிலேயே தடித்த எழுத்தில் போட்டாள். மொத்தம் ஏழு குறிப்புகளில் அந்த விஷயம் இருந்தது.

ஏப்ரலில் விதி வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மே மாதம் டெல்லியிலிருந்து ஒரு குழு கோயம்புத்தூருக்கு வந்தது. அரசுக்குள் பொருளாதார ஆலோசனையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கும் குழு. ஒரு ஹோட்டலின் பெரிய ஹாலில் கூட்டம். சிறுதொழில்காரர் ஒருவரையும் அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். பொற்கொடி கண்ணையாவைக் கூட்டிப்போனாள். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பையில் இரண்டு ஷாஃப்டுகளோடு வந்தார். வாசலில் பாதுகாப்புக்காரர் அந்த இரும்பைப் பார்த்து மிரண்டு, பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் ஒரு மணி நேரம் திரையில் கட்டங்களாகவே ஓடியது. எந்தப் பிரிவு யாருக்குக் கீழே, எந்த ஆலோசகர் எந்த அமைச்சகத்துக்கு, யாருடைய குறிப்பு யார் வழியாக மேலே போக வேண்டும். இரண்டு அதிகாரிகள் ஒரு கட்டம் இடப்பக்கம் இருக்க வேண்டுமா வலப்பக்கமா என்று இருபது நிமிடம் பேசினார்கள். அடியில், புள்ளிக்கோட்டின் முனையில், பன்னிரண்டு ஊர் மையங்களும் ஒரே கட்டத்துக்குள் இருந்தன.

பிறகு கண்ணையாவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவர் நான்கு நிமிடம் பேசினார். பொற்கொடி ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். தலைமை அதிகாரி கவனமாகவே கேட்டார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை.

“வருத்தமான விஷயம்தான்” என்றார் அவர் ஆங்கிலத்தில். “ஆனால் எங்கள் பலகையில் கோயம்புத்தூர் இரண்டு வருடமாகப் பச்சையாகத்தானே இருக்கிறது?”

திரையில் இந்திய வரைபடம் வந்தது. பன்னிரண்டு புள்ளிகள். சில மஞ்சள், இரண்டு சிவப்பு. கோயம்புத்தூர் பளிச்சென்ற பச்சை.

“அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் சார்?” என்று கேட்டாள் பொற்கொடி.

அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். கடைசியில் ஓரத்தில் மடிக்கணினியோடு இருந்த ஹர்ஷிணி என்ற ஒப்பந்த ஊழியர் எழுந்தாள். பொள்ளாச்சிப் பெண். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். குறிப்பு ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட்டால் பச்சை. ஒரு வாரம் தாமதித்தால் மஞ்சள். ஒரு மாதம் தாமதித்தால் சிவப்பு.

“உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் பார்ப்பார்கள்?” என்றாள் பொற்கொடி.

ஹர்ஷிணி சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரிவை மூன்றாகப் பிரித்தார்கள். எண்களைப் பார்க்க ஒன்று, மேலே போகும் அறிக்கையை எழுத ஒன்று, ஒருங்கிணைப்புக்கு ஒன்று. ஊர் மையங்கள் ஒருங்கிணைப்பில் சேர்ந்தன. குறிப்பு வந்ததா என்று பார்ப்பது அவர்கள் வேலை. படிப்பது யார் என்று அந்த உத்தரவில் எழுதவில்லை.

தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதைக் குறித்துக்கொள்ளுங்கள்” என்றார். குறித்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு அழைத்தார்கள்.

கண்ணையாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கண் இருந்தது.

“அதென்னுங்க அம்மணி, நம்மூரு பேருக்கு நேரா பச்சையா எரிஞ்சுது?”

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவளால் முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தட்டுகளையும் வரிசையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நீங்க நேரத்துக்கு அனுப்புனதுனால நாங்க நல்லா இருக்கறதா நெனச்சுட்டாங்க.”

“ஆமாங்க.”

“நீங்க ஒரு ரண்டு மாசம் சோம்பேறியா இருந்திருந்தா, என்ன ஏதுன்னு ஒருத்தனாவது கேட்டிருப்பானுங்களா?”

அவர் சாப்பிடாமல், வாசலில் தன் ஷாஃப்டுகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவன் தம்பிதுரையிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். எதற்கும் பதறாதவன். “உன்ற வேலை எழுதறது, எழுதிப்போட்ட. அப்பறம் என்ன வெசனம்?” என்றான்.

“மாமா, ரண்டு வருசமா ஊரூராப் போயி ஜனங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கறேன். தெரியாமச் சொன்னாலும் அது பொய்தானுங்க.”

‘தானுங்க’ என்று அவள் அழுத்தியதைக் கேட்டு, அவன் எழுந்துபோய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தான்.

ஜூன் ஐந்தாம் தேதி குறிப்பு தயாராக இருந்தது. எழுதாமல் இருக்க அவளுக்குக் கை வரவில்லை. ஆனால் அனுப்பவில்லை. சாயங்காலம் ஜபருல்லா கடிகாரத்தைப் பார்த்தார்.

“மேடம், அஞ்சாம் தேதிங்க. நெட் நல்லாத்தான் இருக்குது.”

“இருக்கட்டும் பாய். இந்த மாசம் அனுப்பப் போறதில்லீங்க.”

“மெமோ வந்துருமுங்களே.”

“வரட்டுமுங்க. வந்தாலாவது யாரோ இருக்கறாங்கன்னு தெரியுமுங்க.”

அவர் டீ சொல்லப் போனார்.

கோயம்புத்தூர் ஒரு வாரத்தில் மஞ்சளாயிற்று. ஜூலைக் குறிப்பையும் அவள் அனுப்பவில்லை, சிவப்பாயிற்று. நினைவூட்டல் கடிதங்கள் தானாக வந்தன, அவற்றை அவள் எண்ணவில்லை. ஜூலை இருபதை ஒட்டி, பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு மில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது டெல்லியிலிருந்து போன் வந்தது. ஆறு வருடத்தில் முதல் போன். மேலே யாரோ ஒரு பெரியவர் பலகையைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரம் ஏன் சிவப்பு என்று கேட்டுவிட்டாராம். பேசியவர் பதறிப்போயிருந்தார். அங்கே என்னதான் நடக்கிறது?

பொற்கொடி ஒரு வேப்பமர நிழலுக்கு நகர்ந்து நின்று இருபத்தைந்து நிமிடம் பேசினாள். லேத், சான்று, பதினோரு வாரம், பத்துப் பட்டறைக்கு ஒரு சான்று, எல்லாம்.

“இதை நீங்கள் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டாமா?” என்றார் அவர்.

அவள் ஏழு குறிப்புகளின் தேதிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் அவற்றைத் தன் சொந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பச் சொன்னார். அன்றைக்கே அனுப்பினாள்.

ஆகஸ்ட் கடைசியில், மிகச் சிறிய பட்டறைகளுக்கு ஆறு மாத அவகாசம் என்று உத்தரவு வந்தது. அவள் பேசியதாலா, வேறு யாராவது சொன்னதாலா என்று யாருக்கும் தெரியாது. ஒரு சங்கம் தன் முயற்சியால் வந்த வெற்றி என்று கணபதியில் பெரிய பேனர் வைத்தது.

அவள் விவரத்தைச் சொல்லலாம் என்று கண்ணையாவின் பட்டறைக்கு ஓடினாள். உள்ளே இரண்டு லேத்கள்தான் இருந்தன. மற்ற இரண்டு இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகளும் எண்ணெய்க் கறையும். சான்று இல்லாமல் ஆர்டர் நின்றுபோனதால் ஜூலையிலேயே விற்றுவிட்டார். இருபது வருடம் அவரோடு இருந்த ஆள் பெருந்துறையில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான்.

“இப்ப ஆர்டர் வந்திருக்குதுங்க அம்மணி, இல்லேங்கல” என்றார் கண்ணையா. “நாலு மிஷின் ஓடற அளவுக்கு வந்திருக்குது. மிஷின்தான் இல்லீங்க. அந்தக் காயிதம் ரண்டு மாசம் முன்னால வந்திருந்தா...” அதற்கு மேல் சொல்லாமல் காபி வரவழைத்தார். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செப்டம்பரில் மெமோ வந்தது. இரண்டு மாதம் குறிப்பு அனுப்பத் தவறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? பொற்கொடி மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தாள். ஒன்றில் கோபம் அதிகம், ஒன்றில் அழுகை அதிகம், ஒன்று பெட்டிஷன் மாதிரி இருந்தது. கடைசியில், ‘தாமதம் வேண்டுமென்றே செய்தது. நேரத்துக்கு அனுப்பிய குறிப்புகளை யாரும் படிக்கவில்லை என்பதே காரணம்’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவளுடைய பணிப் பதிவேட்டில் சேர்ந்தது. அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

மே மாதக் கூட்டத்தில் குறித்துக்கொண்டதும் வீண்போகவில்லை. டிசம்பரில் புது முறை வந்தது. இரண்டு பக்கக் குறிப்பு இனிக் கிடையாது. பட்டியலில் டிக் செய்தால் போதும். ‘தொழிற்கூடம்: இயங்குகிறது / மூடப்பட்டது.’ பாதி மிஷினோடு நடக்கும் கண்ணையாவின் பட்டறைக்கு அதில் இடமில்லை. தேதி தவறினால் போன மாதத்து விவரத்தையே கணினி தானாக அனுப்பிக்கொள்ளும். இனிமேல் எந்த ஊரும் சிவப்பாகாது.

அந்த வாரமே அவள் பழைய விலைவாசி வேலைக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டாள். மூன்று மாதம் பதிலில்லை. மார்ச்சில் ஒருநாள் காலை டெல்லிக்குப் போன் போட்டாள். ஹர்ஷிணி வேலையை விட்டுப் போயிருந்தாள். புதிதாக வந்த ஒருவர் கோப்பைத் தேடிப் பார்த்துச் சொன்னார். மூன்று பிரிவுகளில் எது மையங்களின் ஊழியர்களுக்குப் பொறுப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் அந்தப் பிரிவு மனுவைப் பரிசீலிக்கும்.

“முடிவு எப்போது ஆகும்?”

“அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள் மேடம்.”

அவள் நன்றி சொல்லி போனை வைத்தாள். பெருந்துறை மில்லில் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டாள். டிக் போடும் படிவத்தோடு, யாரும் கேட்காத ஒரு நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டாள். “போயிட்டு வாரனுங்க பாய்” என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள்.