பால் கொட்டகைக்கு வந்த சிறுத்தை

தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தின் பால் கொட்டகையில் இப்போது தராசு இல்லை. அது தொங்கிய கொக்கி மட்டும் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் அந்தக் கொக்கிக்குக் கீழே நின்று, ரப்பர் மரங்களில் பால் வெட்டும் பெண்களின் வாளிகளை நிறுத்து எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் பதினொரு மணியானால் கால் அங்கேதான் போகும். புளித்த பாலின் வாடை, வாளிகள் முட்டும் சத்தம், தண்ணீர் கலந்ததாக நான் சொல்ல, இல்லையென்று அவர்கள் சாதிப்பது. அந்தச் சண்டைக்காகவே போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஓய்வு பெற்று, தராசு இன்னும் இருந்த அந்தக் கடைசிக் காலத்தில்தான் கேகாலையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். காட்டு விலங்குகளைக் காக்கும் அமைப்பொன்றில் வேலை. தோட்டத்துக்குள் குட்டிகளோடு ஒரு சிறுத்தை திரிந்தது. அதைக் காணும்போதெல்லாம் பதிவு செய்ய, பால் வெட்டும் பெண்கள் ஆறு பேருக்குப் பயிற்சி கொடுத்து ஆளுக்கொரு போனும் கொடுத்தாள். அவள் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கண்ட இடத்திலேயே நின்று பொத்தானை அழுத்த வேண்டும், போன் அந்த இடத்தைத் தானே குறித்துக்கொள்ளும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“வாளியத் தூக்கிக்கிட்டு போன எடுக்காதீங்க. பாலும் கொட்டும், போனும் ஒடயும். நிறுத்து முடிச்சிட்டு இங்கயே நின்னு எழுதுங்க” என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். என் காலத்தில் எல்லாமே கொட்டகையில்தான் எழுதப்பட்டன. வேறு இடத்தில் எழுதியது எனக்குக் கணக்காகவே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அவள் கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாள். இருபத்து மூன்று புள்ளிகள். இருபத்து மூன்றும் கொட்டகையின் மேல். ஆட்கள் கூடும் இடத்திலேயே சிறுத்தை சுற்றுகிறது என்று மேலதிகாரிகள் முடிவு செய்துவிட்டார்களாம். சனிக்கிழமை கூண்டு வரும், பிடித்து வேறு காட்டில் விடுவார்கள். குட்டிகள் அகப்படுமா என்று கேட்டேன். அவள் கணினியை மூடினாள்.

அன்று செவ்வாய். நான்கு நாள்.

பெண்களிடம் விஷயத்தைச் சொன்னபோது மூத்தவள் தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். சிறுத்தை அவர்களுக்குப் புலிதான்.

“அப்போ புலி பால் நிறுக்க வந்துச்சாக்கும்.”

“வந்திருந்தா ஐயா விடுவாரா? தண்ணி கலந்திருக்குன்னு திருப்பி அனுப்பியிருப்பாரு” என்றாள் இன்னொருத்தி.

நான் சிரிக்கவில்லை. “எங்க பாத்தீங்கன்னு இப்ப ஞாபகம் இருக்கா?”

“என்னங்க ஐயா இப்புடிக் கேக்குறீங்க? என் மரம் எனக்குத் தெரியாதா?”

அவரவர் வெட்டும் மரங்கள் அவரவருக்குத் தெரியும். கல்லுக்குப் பக்கத்து மரம், பட்டை கெட்ட மரம், பால் வடியும் சிரட்டை அடிக்கடி விழும் மரம் என்றே இடம் சொன்னார்கள். மூன்று நாள் அவர்கள் பின்னால் ஏறினேன். நான் செய்ததைச் சொன்னதும் கேகாலைப் பெண்ணும் கூட வந்தாள். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பொத்தானை மறுபடி அழுத்தி, பழைய புள்ளியை அங்கே மாற்றினோம். எனக்கு முழங்கால் வலி, அட்டைக்கடி பதினான்கு. மரங்களின் பால் எடையைப் பல வருடம் எழுதியிருக்கிறேன், அந்த மரங்களைப் பார்த்தது அப்போதுதான்.

வெள்ளி மாலை வரைபடம் மாறியிருந்தது. புள்ளிகள் ஓடையை ஒட்டி, பாறைகள் வரை, ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு எட்டாத தூரத்தில் கிடந்தன. இருபத்திரண்டு. ஒன்று மட்டும் கொட்டகையிலேயே நின்றது. ஆறு பேரில் யாரும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை.

“அது நீங்க பழகிப் பாக்க அழுத்துனதுங்க ஐயா. அன்னக்கி கண்ணாடி போடாம” என்றாள் மூத்தவள்.

நான் மறந்தே போயிருந்தேன். அதையும் என் தவறென்று அந்தப் பெண்ணிடம் எழுதிக் கொடுத்தேன், கையெழுத்தோடு.

சனிக்கிழமை கூண்டு வண்டி வந்தது. அதிகாரி இறங்காமலே வரைபடத்தைப் பார்த்தார், அந்தப் பெண்ணோடு கொஞ்ச நேரம் பேசினார், வண்டியைத் திருப்பச் சொன்னார். கூண்டின் கம்பிகளை எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை எண்ணியதும் வண்டி வளைவில் மறைந்துவிட்டது. பின்னால் தராசுக்கு வாளிகள் வரிசையில் காத்திருந்தன.