சேறு அலையை விழுங்கும் இடம்

அன்று காலை பிரேமலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோலா சிலாங்கூர் படகுத்துறையில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் கட்டிக்கிடந்த படகுகள் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. காற்றே இல்லாமல் மேற்கிலிருந்து நீள அலை வந்தால், பின்னாலேயே சுமத்ரா புயற்காற்று வரும் என்பது அவள் கண்டறிந்தது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். மகேந்திரனைக் கட்டிக்கொண்டு இங்கு வந்தபோது அவளுக்கு நீச்சல்கூடத் தெரியாது. இருபது வருடம் அவனோடு நண்டுக்கூண்டு இறக்கினாள். அவனுக்கு முதுகு போனபிறகு தனியாகவே கடலுக்குப் போகிறாள்.

அவள் தம்பி திவாகரன், தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும் மணல்திட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகிறவன். அன்று ஒன்பது பேர் ஏறியிருந்தார்கள்.

"தம்பி, இன்னைக்கு வேணாம். கடல் சரியில்ல."

"ஆப்ல மழையே காட்டலக்கா. ரெண்டு மணி நேரந்தான், வந்துடுவோம்லா."

போய்விட்டான். பிரேமலா கூண்டுகளை எடுத்தாள், வைத்தாள். போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"இங்க நின்னு புலம்பாத. போய்ப் பாத்துட்டு வா," என்றான் மகேந்திரன்.

தன் படகில் அவள் திட்டை நெருங்கும்போது மேற்கே வானம் கறுத்து வளைந்து நின்றது. ஒன்பது பேரும் அலறியடித்துப் படகில் ஏறினார்கள். திவாகரன் ஆற்று முகத்துவாரத்தை நோக்கிப் படகைத் திருப்பினான்.

"அங்க போகாத! ஆத்து வாய்க்கிட்ட அலை உடையும். எம் பின்னால வா!"

"அந்தப் பக்கம் சேறுக்கா, மாட்டிக்குவோம்!"

"மாட்டிக்கிட்டாதான்டா பொழைப்போம்!"

கரையோரத்தில் பாக்காவ் என்னும் அலையாத்திக் காட்டுக்கு முன்னால் அவள் கழியைக் குத்திப் பார்த்தாள். தட்டியது. இன்னும் தள்ளிப்போய்க் குத்தினாள், மறுபடியும் கெட்டித் தரையே தட்டியது. காற்று முதுகில் அறைந்தது. மூன்றாவது முறை கழி எதிர்ப்பே இல்லாமல், அவள் முழங்கை நீரில் நனையும்வரை இறங்கியது. கூழ்ச்சேறு.

"இங்கதான்! நங்கூரத்தப் போடு!"

வெள்ளை நுரையோடு வந்த அலைகள் அந்தச் சேற்றின்மேல் ஏறியதும் தளர்ந்து, வெறும் மேடுகளாகப் படகுகளைத் தூக்கி இறக்கின. முக்கால் மணி நேரம் மழையில் கிடந்தார்கள். ஒரு பெண் வாந்தி எடுத்தாள். இன்னொருவர் பிரேமலாவைத் திட்டினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் திவாகரன் போன் செய்கிறான். "அக்கா, போலாமா?"

போன வாரம் வேண்டாம் என்றாள். நாள் முழுக்க வெயில் அடித்தது. அவன் பயணிகளின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகைக் கழுவினான். அவள்தான் அன்றைக்குச் சோறு இறங்காமல், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மறுநாள் ஆறரைக்கு மறுபடி போன் அடித்தது.

"இரு, இன்னும் கடலப் பாக்கல," என்று சொல்லிவிட்டுத் துறைக்குக் கிளம்பினாள்.