சாமை குத்தக் கூடாத கை

பானுமதியின் கையில் அப்படி என்ன குற்றத்தைக் கண்டுவிட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். திருடிய கையா அது? அடுத்தவர் கொடியில் ஒரு சரம் மிளகைக் கிள்ளிய கையா? விடிந்தால் மூங்கில் ஏணியில் ஏறி, சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிய கொடியில் பொழுது சாயும்வரை மிளகு பறித்த கை. மலைமேல் குண்டூர் நாட்டில் பலாக்காட்டு வளவு என்கிற சிற்றூரில் மொத்தமே பதினோரு வீடு. அந்தப் பதினோரு வீட்டிலும் அவளைப்போல வேகமாகப் பறிக்கிறவள் இன்னொருத்தி இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்.

மிளகு பறிப்பதென்றால் கட்டைவிரல் நகந்தான் கத்தி. சரத்தின் காம்பை ஆள்காட்டி விரலில் தாங்கி, நகத்தால் ஒரு கிள்ளு. காலையிலிருந்து மாலைவரை கிள்ளு, கிள்ளு, கிள்ளு. பானுமதிக்கோ பிறவியிலேயே நகம் மெலிசு. அறுப்பு தொடங்கிய பத்தாம் நாள் கட்டைவிரல் நகம் நடுவில் கீறிவிடும். கீறியது சதைவரை இறங்கும். அதில் பச்சை மிளகுச் சாறு பட்டால் உயிர் போய் உயிர் வரும். துணி சுற்றிக்கொண்டு பறித்தாள், பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பறித்தாள். சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். "தொரசாணி கரண்டியிலதான் சாப்புடுவாங்களாட்ட இருக்குது" என்று அதற்கும் ஒரு கேலி வந்தது. கேலி பேசியவர்களின் வீட்டு மிளகையும் அவள்தான் பறித்துக் கொடுத்தாள் என்பது வேறு கதை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். யாரோ ஒரு பெண், தன் சொந்த நகத்தின் மேலேயே பில்டர் ஜெல் என்ற கெட்டிப் பசையைப் பூசி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு யூ.வி. விளக்கின் அடியில் வைத்துக் கல்லாக்கிக் காட்டினாள். ஒட்டு நகமில்லை. உள்ளே இருப்பது சொந்த நகம், மேலே ஒரு பூச்சு, அவ்வளவுதான். பானுமதி அதை ஏழெட்டு முறை பார்த்தாள். பிறகு தயங்காமல் ஆர்டர் போட்டாள். பார்சல் மலையேறிச் செம்மேட்டுக் கடை ஒன்றில் வந்து கிடந்தது. பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள்.

முதல் டப்பாவை அவளே பாழாக்கினாள். மலைக்காரிக்கு எது காயவேண்டும் என்றாலும் களத்து வெயில்தான். மிளகு, சாமை, காப்பிக்கொட்டை, மரவள்ளிச் சீவல் எல்லாம் அங்கேதான் காய்கிறது. கரண்ட் இல்லாத ஒரு நாள், வெயில் இருக்கும்போது விளக்கு எதற்கு என்று டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு களத்தில் உட்கார்ந்தாள். நகத்தில் பூசியது காய்ந்தது, வாஸ்தவம். டப்பாவில் இருந்ததும் சேர்ந்து காய்ந்தது. விளக்கில் இருக்கிற அதே சங்கதி வெயிலிலும் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பிரஷ் டப்பாவுக்குள் நட்ட குச்சியாக நின்றுவிட்டது. அவள் புருஷன் அப்புசாமி, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷன், அன்றைக்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டாவது டப்பாவுக்குள் கைப்பக்குவம் வந்துவிட்டது. அரத்தால் நகத்தின் பளபளப்பைத் தேய்த்து எடுக்கவேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவேண்டும். மெல்லிசாக ஒரு பூச்சு, விளக்கில் ஒரு நிமிஷம். அப்புறம் நடுவில் கொஞ்சம் மேடாக ஒரு சொட்டு, மறுபடி விளக்கு. தோலில் பட்டால் அரிக்கும், படவே கூடாது. பிய்த்து எடுத்தால் நகத்தின் மேல்தோலும் சேர்ந்து வரும், அரத்தால் ராவித்தான் எடுக்கவேண்டும். கரண்ட் போனால் விளக்குக்கு பவர் பேங்க். அந்த வருஷ அறுப்பு முழுக்க அவள் நகம் கீறவில்லை. மகளுக்கு இரண்டு கையாலும் தலை பின்னிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் பத்து விரலுக்கும் வெளிர் ரோஸ் நிறத்தில் பூசிக்கொண்டாள். ஆசைதான், வேறென்ன? பத்து விரலும் அவளுடையதுதானே!

செய்தி பரவாமல் இருக்குமா? முதலில் பூங்குழலி வந்தாள், பின்வாசல் வழியாக. அப்புறம் கலைச்செல்வி, பெருமாயி என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள், எல்லாரும் பின்வாசல் வழியாகத்தான். ஊர்க்கவுண்டர் காளியண்ணனின் மனைவி பாப்பாயிகூட முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் மட்டும். நிறமே தெரியாத பூச்சு. போகும்போது எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "வெளிய சொல்லீராத அம்மிணி."

"நான் எதுக்குச் சொல்றேன்? போங்க" என்றாள் பானுமதி. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். அதுதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

அந்த வளவில் ஒரு வழக்கம். தை மாதம் காளிக்குப் புதுச்சாமைப் பொங்கல். சாமையைக் கோயில் உரலில் குத்துவது வருஷத்துக்கு ஒரு வீட்டுப் பெண், முறைவைத்து. குத்துகிற கை வெறுங்கையாக இருக்கவேண்டும். வளையல், மோதிரம், கயிறு எதுவும் கூடாது. குத்தி முடித்ததும் ஊர்க்கவுண்டர் கருவறையைப் பார்த்து அவள் பெயரை மூன்று முறை சத்தமாகச் சொல்வார். கட்டிக்கொண்டு வந்த பெண்ணை அதுவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். இன்னார் வீட்டுக்காரி, அவ்வளவுதான். திண்ணனூர் நாட்டிலிருந்து பதினோரு வருஷம் முன்பு வந்த பானுமதி, இன்னமும் "அப்புசாமி ஊட்டுக்காரி"தான். அவள் வருவதற்குச் சில மாதம் முந்தின தையில்தான் அந்த வீட்டு முறை முடிந்து போயிருந்தது. பதினோரு வீட்டுக்கும் சுற்றி வருவதற்குப் பதினோரு வருஷம். ஒவ்வொரு தையிலும் யாரோ ஒருத்தியின் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் பெயருக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

இந்த வருஷம் அவள் முறை. குளித்து, ஈரச்சேலையோடு உரலுக்கு முன்னால் நின்றாள். வளையலைக் கழற்றினாள், மோதிரத்தைக் கழற்றினாள், கையை நீட்டிக் காட்டினாள். சொந்த நகத்தின் மேல் இருக்கிற பூச்சும் கணக்கில் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பத்து நகமும் வெயிலில் மின்னின.

காளியண்ணன் குனிந்து பார்த்தார். "என்னது இது நகத்துல?"

"நகம் ஒடையாம இருக்கறதுக்குப் பூசறதுங்க மாமா."

"ஒட்டு நகமா?"

"இல்லீங்க. எம்பட நகந்தானுங்க. மேலதான் பூச்சு."

"பூச்சுன்னா வெறுங்கை இல்லியே. போய் எடுத்துட்டு வா."

"ஒடனே வராதுங்க. அரத்துல ராவோணும். பத்து வெரலுக்கும் ரெண்டு மணி நேரமாவும். பிச்சா நகமே போயிரும், அடுத்த வாரம் மொளகு எடுக்கோணும்."

"அப்ப ஒதுங்கு. சினிமாக்காரி கையில குத்துன சாமை சாமிக்கு ஆகாது." அவர் திரும்பி, முறையில் அடுத்த வீட்டுக்காரியான பூங்குழலியைக் கூப்பிட்டார். "அடுத்த ஊட்டுக்காரி, நீ வா."

இதைச் சொன்ன வாயில் இருந்தது முழுக்க நாமக்கல்லில் கட்டிய பல்செட். தலையில் இருந்தது நேற்றுப் பூசிய கருப்பு மை. அதோடு அவர் கருவறைப் படியில் நிற்கலாம், சாமிக்கு ஆகும். வருஷக்கணக்காக மிளகு கிள்ளிக் கிழிந்த நகத்தின் மேல் ஒரு பூச்சு இருந்தால் சாமிக்கு ஆகாதாம். என்ன நியாயம் இது?

அவரை விடுங்கள். சுற்றி நின்ற பெண்களைச் சொல்லவேண்டும். கலைச்செல்வி கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். பெருமாயி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். பாப்பாயி தரையைப் பார்த்தாள். பூங்குழலி வந்தே வந்துவிட்டாள், நாலு நாளைக்கு முன் பானுமதி பூசிவிட்ட அதே விரலோடு. பானுமதியின் முகத்தைப் பார்க்காமல் உலக்கையை வாங்கினாள்.

ஒரு வார்த்தை போதும். "அவ கையையும் பாருங்க மாமா" என்று பானுமதி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குப் பொங்கலே நடந்திருக்காது. கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கொதிக்கிற பானை ஒரு பக்கம். கழற்றி வைத்த வளையலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். காளியண்ணன் பூங்குழலியின் பெயரை மூன்றாவது முறை சொன்னபோது அவள் வீட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள். அங்கேயும் அது கேட்டது.

வீட்டுக்கு வந்த அப்புசாமியை அவள் சும்மா விடவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? கட்டுனவள ஊருக்கு முன்னால ஒதுங்குங்கறாங்க, நீங்க எங்கயோ மேக்கால பாத்துட்டு நிக்கறீங்க!"

அப்புசாமி தலையைச் சொறிந்தான். "பூச்சத்தான் எடுத்துரேன். இன்னுங் கொஞ்சம் வருசம் பொறுத்தா..."

"பதினோரு வருசம்ங்க! கொஞ்சமா அது?" என்று கத்திவிட்டு அழுதாள். அப்புசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இறங்காமல் போனது நல்லதுதான்.

அறுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆனது. நகம் வளர வளர ஜெல் முன்னால் தள்ளிப் போகும், ஓரம் தூக்கும், மறுபடி போட்டாகவேண்டும். பூங்குழலி பின்வாசலில் வந்து நின்றாள்.

"ஏனக்கா, தூக்கிக்கிச்சு. பாத்துவிடு."

பானுமதி அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. "போட்டுவிடறேன் கண்ணு. ஆனா இங்க இல்ல. நாளைக்குப் பட்டப்பகல்ல கோயில் பலாமரத்தடிக்கு வா. அங்கதான் போடுவேன். இனிமே யாருக்கும் அங்கதான்."

"ஊரே பாக்குமேக்கா!"

"என்னைய ஊரே பாத்துச்சில்ல?"

பூங்குழலி அழுதாள். கெஞ்சினாள். பானுமதிக்கு மனசு இளகத்தான் பார்த்தது. உரல் முன்னால் நின்றது ஞாபகத்துக்கு வந்ததும் மறுபடி இறுகிவிட்டது.

மறுநாள் அவள் கேட்காமலே அப்புசாமி பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலாமரத்தடியில் போட்டான். அவனால் முடிந்தது அது. பானுமதி விளக்கு, பவர் பேங்க், டப்பா, குடை எல்லாம் எடுத்துப் போய் உச்சிவேளையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியும் வரவில்லை. அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மரத்தடியில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள், "கடை போட்டிருக்குது, யாவாரந்தான் இல்ல" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அதற்குள் கொடிகளில் ஒவ்வொருத்திக்கும் நகம் கீறத் தொடங்கியது. பெருமாயி கரண்டியால் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டபோது, பொய் சொல்வானேன், பானுமதிக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

ஒன்பதாம் நாள் பாப்பாயி வந்தாள். முந்தானை தலையில் இல்லை. காளியண்ணன் நாலு பேரோடு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னாலேயே நடந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ரத்தம் கட்டிய கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலை நீட்டினாள். "இதுக்கு மொதல்ல போடு அம்மிணி. காயம்பட்டது ஆறுனப்பறம் பாத்துக்கலாம்."

"ஏய், என்ன பண்ற?" என்று எழுந்தார் காளியண்ணன்.

பாப்பாயி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன பண்றனா? போன வருசத்துலருந்து பண்றதுதானுங்க. பொங்கலன்னிக்கு எங்கையிலயும் இது இருந்துச்சு. ஒலக்கை புடிச்சாளே பூங்குழலி, அவ கையிலயும் இருந்துச்சு. நம்ம வளவுல இது இல்லாத கை எதுன்னு போய்த் தேடிப் பாருங்க. அத்தனை பேரும் வாயடைச்சு நின்னோம், இவ ஒருத்திதான் தலைகுனிஞ்சு போனா. அந்தப் பொங்கச் சோத்த நாந்தான் உங்களுக்குப் போட்டேன். காளி வயிறு நெறஞ்சுதுன்னு சொல்லிச் சொல்லி மூணு தரம் வாங்கித் தின்னீங்க."

காளியண்ணன் பல்செட்டை நாக்கால் தள்ளிச் சரிசெய்துகொண்டார். தூரத்தில் உரல் பக்கமாகக் கலைச்செல்வி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பூங்குழலி.

பானுமதி அரத்தை எடுத்துத் தேய்த்தாள், துடைத்தாள், டப்பாவைத் திறந்து பூசத் தொடங்கினாள். பலா இலை நிழல் நகர்ந்து, வெயில் பெஞ்சின் மேல் ஏறியது. அவளுடைய ஒரு கை பாப்பாயியின் விரலைப் பிடித்திருந்தது, மறு கையில் பிரஷ்.

"வெயில் வருதுங்க. டப்பா கல்லாயிரும்" என்றாள்.

பாப்பாயி புருஷனைப் பார்த்தாள். "சும்மாதான நிக்கறீங்க, அந்தக் குடையப் புடிங்க."

காளியண்ணன் அங்கே இங்கே பார்த்தார். பிறகு குடையை எடுத்து விரித்து, டப்பாவுக்கு மேலே நீட்டினார். "ஏன் அப்புசாமி ஊட்டுக்காரி, இது போதுமா?"

பானுமதி நிமிரவில்லை. பூச்சை ஓரம் படாமல் இழுத்துவிட்டாள்.

"உன்னத்தான். போதுமா?"

அவள் பிரஷ்ஷை மறுபடி டப்பாவில் தோய்த்தாள். வெயில் டப்பாவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"அவளுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் பாப்பாயி.

காளியண்ணன் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பானுமதி... இது போதுமா?"

"இன்னுங் கொஞ்சம் சாச்சுப் புடிங்க மாமா" என்றாள் பானுமதி.