அப்பா கழற்றி வைத்த கண்ணாடி

கண்புரை அறுவை முடிந்து கட்டைப் பிரித்ததும், பஞ்சின் மருந்து வாசனைக்கு நடுவே என் மகளின் முகம் மெல்லத் தெளிந்தது. நெற்றியில் எத்தனை கோடுகள்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், நான் சிறுமி; எங்கள் ஊர் பேரிகையில் பனி வாசல்வரை வந்து நிற்கும் ஒரு மார்கழி. ஓசூர்ச் சந்தையில் கண்ணாடி விற்கும் பாய் ஒரு தட்டுக் கேழ்வரகை நீட்டுவார். எதை மாட்டினால் அதில் கல் தெரிகிறதோ, அதை வாங்கிக்கொள்ளலாம். அப்பா வாங்கியதை மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, அம்மாவைக் கிட்டத்தில் பார்த்தார்.

“எப்ப புள்ள இவ்ளோ நரைச்சுது?”

அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அதன்பின் அப்பா விதை பொறுக்க மட்டுமே கண்ணாடி போட்டார். களித் தட்டோடு அம்மா வந்தால், கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

“நல்லா தெரியுதாம்மா?” என்றாள் மகள்.

“இன்னும் மங்கலாத்தான் இருக்கு கண்ணு” என்றேன்.