வெறுந்தட்டு ஜெபம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் ஞானபூரணம் சங்கரன்கோவிலுக்கு வாழ வந்தாள். புருஷன் சௌந்தரபாண்டியன் பாத்திரக்கடைக்காரன். அவளைக் கட்டுவதற்காகவே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவன் ஆனான் என்று தெரு பேசியது. அதில் பொய் ஒன்றும் இல்லை. தாயில்லாத அவனை வளர்த்து ஆளாக்கிய அக்கா பாலம்மாள் மட்டும் திருநீற்றை விடவில்லை. மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி. அவர்கள் அடுக்களையில் கடுகு வெடித்தால் எனக்குக் கேட்கும். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

வந்த முதல் வாரமே பாலம்மாள் அம்மனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து நீட்டினாள். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று ஞானபூரணம் மரியாதையாகத்தான் சொன்னாள். பாலம்மாள் பொங்கலை வெடுக்கென்று திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். இது இதோடு முடியாது என்று அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை ஞானபூரணம் உளுந்தஞ்சோறு பொங்கி, கறிக்குழம்பு வைத்து, எள்ளுத் துவையலும் அரைத்தாள். அந்த மணத்துக்கு முன்னால் என் வீட்டு ரசம் வெட்கப்பட்டுப் போனது. எல்லாத் தட்டிலும் பரிமாறிவிட்டு அவள் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். கண்ணைத் திறந்தபோது பாலம்மாள் தன் தட்டைத் தள்ளி வைத்திருந்தாள்.

"ஒஞ்சாமிக்குப் படைச்சிட்டே. படைச்சதை நீ திங்க மாட்டே, நான் மட்டும் திங்கணுமாட்டி?"

இது படையல் இல்லை, ஆண்டவருக்கு நன்றி சொல்வது என்று ஞானபூரணம் விளக்கினாள். சோற்றை முன்னால் வைத்துக் கும்பிட்டால் அதற்கு வேறு என்ன பெயர் என்று கேட்டாள் பாலம்மாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு பாலம்மாள் கிளப்புக்கடை இட்லியில் காலம் தள்ளினாள். சௌந்தரபாண்டியனுக்கோ மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. கடைசியில் பாலம்மாள் பிறந்த ஊரான பனவடலிசத்திரத்துக்கே போய்விடுவதாகச் சொல்லித் துணிமூட்டையைக் கட்டிவிட்டாள். வளர்த்தவள் படியிறங்கிப் போனால் அந்த வீடு விளங்குமா?

ஞானபூரணம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு காலித் தட்டு.

"மதினி, இனிமே வெறுந்தட்டை வச்சு ஜெபம் பண்ணுதேன். பெறவுதான் சோறு. வெறுந்தட்டை எந்தச் சாமிக்கும் படைக்க முடியாதுல்லா?"

பாலம்மாள் முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டையைக் கீழே வைத்தாள். அவளும் சளைத்தவள் இல்லை. அடுத்த பொங்கலிலிருந்து, படைப்பதற்கு முன்பே தம்பி பெண்டாட்டிக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவாள்.

ஒருநாள் சபை உபதேசியார் விருந்துக்கு வந்தார். ஜெபம் பண்ணச் சொன்னார்கள். தட்டைப் பார்த்தால் ஒன்றுமில்லை. எந்த ஆகாரத்தை ஆசீர்வதிக்கச் சொல்வது என்று திகைத்துக் கேட்டார். ஞானபூரணம் அசரவில்லை.

"அடுக்களையில என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியும் ஐயா."

மனுஷன் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்.

எண்பத்திரண்டில் அவள் மூன்றாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் பாலம்மாள்தான் சமையல். நான் புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய் கொடுக்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பசியோடு வந்த சௌந்தரபாண்டியன் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு கைவைக்கப் போனான். பாலம்மாள் தட்டைப் பிடுங்கிச் சோற்றைப் பானையில் கவிழ்த்தாள். வெறுந்தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"ஜெபம் பண்ணுலே. அவ இல்லேன்னா இந்த வீட்டு வழக்கம் மாறிருமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சௌந்தரபாண்டியன் கண்ணை மூடினான். பாலம்மாள் மூடவில்லை, கரண்டியோடு காவல் நின்றாள். 'ஆமென்' காதில் விழுந்த பிறகுதான் தட்டில் சோறு விழுந்தது.