பெயிண்டுக்கு அடியில் இருந்த நம்பர்

பழைய டிராக்டரில் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் கம்ப்ளைண்ட் என்று யாராவது கூப்பிட்டால், "பானட்டைக் காட்டாதீங்க, நம்பரைக் காட்டுங்க" என்பேன். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த பிறகுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து முத்துலட்சுமி என்பவர் போன் செய்தார். "அண்ணே, கலப்பை தூக்குது, தூக்குன கையோட எறங்கிருது. நாளக்கழிச்சு வாய்க்கால்ல தண்ணிய அடைச்சிருவாக. நாத்து முத்திக்கிட்டிருக்கு. வாடகைக்கு ஒரு வண்டி கெடைக்கல."

கலப்பை தூக்கி நிற்காவிட்டால் மூலையில் வண்டியைத் திருப்ப முடியாது, வரப்பையும் சேர்த்து உழுதுவிடும். கோச்சடையில் என் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெயிண்ட் பூசிய வண்டி. பானட்டில் மாடல் பெயர் பளிச்சென்று இருந்தது. பார்த்த மாத்திரத்தில் வருஷம் வரைக்கும் ஒப்பித்தேன். பெரிய கெட்டிக்காரன் அல்லவா! அந்த மாடலுக்கான சீல் கிட், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள், பையிலேயே இருந்தது. பின்பக்கத்து லிஃப்ட் கவரை இறக்கினேன். பிஸ்டனில் ஓ-ரிங் என்கிற அந்த வளையம் கொஞ்சம் இழுத்துப் போட்டதும் உட்கார்ந்தது. இழுத்தால்தான் உட்காரும் என்றால் அது வேறு சைஸ் என்று புரிய வேண்டாமா? புரியவில்லை.

சாயங்காலம் ஸ்டார்ட் செய்தால் கலப்பை தரையைவிட்டு அசையவே இல்லை.

"முன்னாடி தூக்கவாச்சும் செஞ்சுச்சுண்ணே" என்றார் முத்துலட்சுமி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"தங்கச்சி, இந்த வண்டி எப்ப வாங்குனது?"

"எங்கப்பா ரெண்டு ஓட்ட வண்டிய ஒண்ணாச் சேத்தாரு. முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் வேற."

"இத ஏம்மா காலையில சொல்லல?"

"நீங்கதான் பாத்ததுமே அம்புட்டும் சொல்லிட்டீங்களே!"

வெட்கமாகிவிட்டது. நான் படித்த பானட் ஒரு வண்டி, பிரித்த லிஃப்ட் வேறு வண்டி. தின்னர் ஊற்றி, லிஃப்ட் கவரின் பக்கவாட்டில் சுரண்டினேன். சந்தனம், குங்குமம், அதற்கடியில் பூஜைக்கு ஒன்றாக எத்தனையோ கோட் பெயிண்ட். கடைசியில் இரும்போடு சேர்த்து வார்த்த காஸ்டிங் நம்பர் தெரிந்தது. போட்டோ எடுத்து காளவாசல் ஸ்பேர்ஸ் கடைக்கு அனுப்பினேன். "அண்ணே, இது நீங்க சொல்ற மாடலுக்கும் முந்தினது. பிஸ்டன் பெருசு. சரியான கிட்ட எடுத்து வைக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் கடை திறந்ததும் வாங்கிப் போய் மாட்டினேன். கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்தினேன். இறங்காமல் நிற்கிறதா என்பதுதான் சோதனை. முத்துலட்சுமி கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் கண் கலப்பைக் கொழுவைவிட்டு நகரவில்லை. கால் மணி நேரம் ஆகியும் இம்மிகூட இறங்கவில்லை. அதற்குமேல் அவர் பொறுக்கவில்லை, தானே ஏறி உட்கார்ந்து வண்டியை வயலில் இறக்கினார். பொழுது சாய்வதற்குள் உழுது முடித்தார். தண்ணீரை அடைத்தபோது அவர் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். வண்டி முழுக்கப் புதுப் பெயிண்ட். லிஃப்ட் கவரில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் இரும்பு, அதில் அந்த நம்பர். குங்குமப் பொட்டைக்கூட நம்பர்மேல் படாமல் தள்ளி வைத்திருந்தார்.

பொரியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே ரிப்பேருக்கு யாரு வந்தாலும் மொதல்ல இதத்தான் காட்டுவேன். நீங்களே வந்தாலும் சரிண்ணே."